ஈரல் சுருங்கோணுமாமா

சன்னலச் சாத்தட்டுங்களா? இல்ல, உங்களுக்குக் காத்து வேணும்னா அப்பிடியே தொறந்து கெடக்கட்டுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. நீங்க சொல்றபடி வெச்சுக்கலாம். கோயமுத்தூருங்களா? நானும் அங்கதானுங்க. குண்டடத்துல ஏறுனேன். சிங்காநல்லூர்ல எறங்கி டவுன் பஸ் புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.

இல்லீங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. என்ற சம்சாரத்துக்கு இன்னைக்கி ஆபரேசனுங்க. மத்தியானத்துக்கு மேல உள்ள கூட்டீட்டுப் போறாங்களாமா. ஒடம்பு எளைக்கறதுக்குப் பண்ற ஆபரேசன். நீங்களும் சிரிக்கறீங்க பாருங்க. சிரிங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யறாங்க. வயித்தத் தொறந்து கொழுப்ப அள்ளி வெளிய போடுவாங்களான்னு கேக்கறாங்க. அப்பிடியில்லீங்க. எரப்பைய முக்காவாசி அறுத்து எடுத்துட்டு, ஒரு வாழப்பழப் பருமனுக்கு மிச்சம் வெச்சுத் தெச்சுருவாங்களாமா. அப்பறம் நாலு வாய் தின்னாலே வயிறு நெறஞ்சுக்கும். தன்னால எளைச்சுருவாங்க. வயித்தக் கிழிக்கக்கூட வேண்டாமாமா, சின்னச் சின்ன ஓட்டை போட்டு அது வழியாவே கேமராவ உட்டுப் பண்ணிருவாங்க. டாக்டரு படம் போட்டுக் காட்டுனாரு.

என்ற பேரு கனகராசுங்க. மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்கேன். சுத்துவட்டாரத்துல எந்தத் தோட்டத்து மோட்டார் எரிஞ்சாலும் நம்மகிட்டத்தான் வரும். அவ பேரு இந்துமதி. மெட்ரிகுலேசன் பள்ளிக்கோடத்துல கணக்கு டீச்சர். கெட்டிக்காரிங்க. கண்ணாலம் ஆகறப்பவே கொஞ்சம் பூசுன ஒடம்புதான். எனக்கு அது ஒரு கொறையாவே தெரியலீங்க, நெசமாலுமே. அப்பறம் தைராய்டுன்னாங்க, நீர்க்கட்டின்னாங்க, கொழந்தைக்குன்னு ஊசி போட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சங் கொஞ்சமா ஏறி நூத்தியிருவது கிலோவத் தாண்டிப் போச்சு. மூட்டு தேஞ்சு போச்சு. பள்ளிக்கோடத்துல மாடி ஏறுனா பாதியில நின்னு கைப்புடியப் புடிச்சுக்குவா. பையனுங்க பின்னால நின்னு சிரிப்பானுங்களாமா. தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு வருமுங்க. பக்கத்துல படுத்திருக்கறவனுக்குத்தான் தெரியும் அந்தப் பயம்.

கொழந்தை இல்லீங்க. பன்னண்டு வருசமாச்சு. எளைச்சா வாய்ப்பு இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அந்தச் சொல்லப் புடிச்சுக்கிட்டா. "எனக்கு மூச்சு வாங்காம ஒரு பாடம் நடத்தோணும். ஒரு கொழந்தை பெத்துக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாமுங்க"ன்னா. நான் என்னுங்க சொல்றது? உன்ற இஷ்டம் அம்மிணின்னேன். எப்பவுமே நான் அவ இஷ்டத்துக்குக் குறுக்க நின்னதில்லீங்க. யாரோட இஷ்டத்துக்கும் நின்னதில்ல.

ஆஸ்பத்திரிக்குப் போனம்னா அன்னைக்கே அறுத்து அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன். எங்கீங்க! ரத்தம், ஸ்கேனு, தொண்டை வழியா கேமரா, தூங்கறப்ப மூஞ்சியில மாட்டற மிசினு, எல்லாம் பாத்தாங்க. அதுக்கும் மேல, மனசுக்குன்னு ஒரு டாக்டரம்மா. எங்க ரெண்டு பேரையும் எதுத்தாப்புல உக்கார வெச்சாங்க. "இது வயித்துக்கு மட்டும் பண்ற ஆபரேசன் இல்ல. பசிச்சா சாப்பிடறது வேற, மனசு வலிச்சா சாப்பிடறது வேற. அத விட்டு வெளிய வரணும். வீட்ல உங்களுக்குத் தொணை யாரு?"ன்னு கேட்டாங்க. அவ திரும்பி என்னையப் பாத்தா. "நாந்தானுங்க மேடம்"னேன். "சொந்தக்காரங்க வந்து சாப்பிடு சாப்பிடுன்னு வற்புறுத்துனா என்ன பண்ணுவீங்க?"ன்னாங்க. "வேண்டாம்னு நான் சொல்லிருவனுங்க"ன்னேன். அந்த மேடம் சந்தோசமா எழுதிக்கிட்டாங்க. இவ என்ற கையப் புடிச்சுக்கிட்டாளுங்க. நாலு பேரு பாக்கறாங்களேன்னுகூட இல்ல. பன்னண்டு வருசத்துல வெளியெடத்துல அவ என்ற கையப் புடிச்சது அன்னைக்கித்தான். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

அப்பறம் வீட்டுல ஒத்திகை. ஆமாங்க, ஒத்திகைதான். ஆபரேசனுக்கப்பறம் எப்பிடித் திங்கோணுமோ அத இப்பவே பழகிக்கோணுமாமா. பெரிய தட்டையெல்லாம் துணியில கட்டி மேல அட்டாலியில தூக்கிப் போட்டுட்டா. தாராபுரம் போயி ஒரு சின்னத் தட்டும், கொழந்தைங்களுக்கு ஊட்டற கரண்டியும் வாங்கியாந்தா. அந்தக் கரண்டியில ஒரு கரண்டி எடுத்து வாயில வெச்சு, மெல்லு மெல்லுன்னு மெல்லுவா. சோத்தோட தண்ணி குடிக்கக்கூடாது. தண்ணி குடிச்சா சோறு திங்கக்கூடாது. பக்கத்து வீட்டம்மா வாசல்ல காஞ்ச பாத்தரத்தப் பாத்துட்டு, "என்ன டீச்சர், கரண்டியெல்லாம் புதுசா இருக்குது, விசேசங்களா?"ன்னு கேட்டுப் போட்டாங்க. இவ சிரிச்சுக்கிட்டே, "ஆமாங்க்கா, நாந்தான் கொழந்தை"ன்னா. உள்ள வந்து கதவச் சாத்திக்கிட்டா. நான் கடைக்குப் போயிட்டேன்.

இன்னொரு நாள், என்னைய பேக்கரிக்குக் கூட்டீட்டுப் போகச் சொன்னா. தேங்காப் பன்னுன்னா அவளுக்கு உசுரு. ஒண்ணு வாங்கி முன்னால வெச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. என்ன அம்மிணி, சாப்புடலையான்னேன். "சின்ன வயசுல இருந்து எனக்கு யாரு என்ன சொன்னாலும் இதத்தான் தின்னேனுங்க. பரிச்சையில மார்க்கு கொறஞ்சா, மாப்பள வீட்ல வேண்டாம்னு போனா, ஊசி போட்டும் கரு நிக்கலைன்னா, எல்லாத்துக்கும் இதுதான். இன்னைக்கி இதுகிட்டச் சொல்லிக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்"னா. பன்ன என்ற பக்கம் தள்ளி வெச்சா. நான் தின்னேன். பின்ன, காசு குடுத்து வாங்குனத வீசவா முடியும்?

கடைசியாத்தானுங்க இந்த ஈரல் சமாச்சாரம். பெரிய டாக்டரு சொன்னாரு. எரப்பைக்கு மேல ஈரல் மூடி மாதிரிக் கெடக்குதாமா. குண்டா இருக்கறவங்களுக்கு அந்த ஈரலும் கொழுத்துப் போயிக் கெடக்கும். அதத் தூக்கிப் புடிச்சாத்தான் கீழ வேல பாக்க முடியும். அதனால ஆபரேசனுக்கு முன்னால ரெண்டு வாரம் தண்ணியாகாரந்தான். மோரு, சத்துமாவு கலக்குன தண்ணி, வடிகட்டுன சூப்பு, ரசத்தெளிவுன்னு டயட்டு பாக்கற மேடம் எழுதிக் குடுத்தாங்க. சோறு கூடாது, சக்கரை கூடாது, எண்ண கூடாது. அந்த ரெண்டு வாரத்துல ஈரல் சுருங்கிக் குடுக்கும். எனக்கு நல்லாப் புரிஞ்சுதுங்க. கெணத்துல மோட்டாரு மேல கல்லு உழுந்து கெடந்தா, கல்ல எடுக்காம மோட்டாரத் தொட முடியாதில்லீங்களா?

அவ பத்தியம் இருந்தாளுங்க. மொத நாள் தலவலி, ரெண்டாம் நாள் ஆரு பேசுனாலும் எரிஞ்சு உழுந்தா, மூணாம் நாள் தானாச் சிரிச்சா. "லேசா இருக்குதுங்க"ன்னா. அப்பத்தான் எங்கக்காவுக்குச் சேதி தெரிஞ்சுது.

எங்கக்கா துளசிமணி. அடுத்த வீதிதான். எங்கம்மா அப்பன் போன பொறகு என்னைய வளத்து, கடை வெச்சுக் குடுத்து, இவளப் பொண்ணு பாத்துக் கட்டி வெச்சதே அக்காதானுங்க. இவ அக்காவ நங்கையான்னு கூப்புடுவா. அக்கா நல்லவதானுங்க. அதுதான் செரமமே. கெட்டவங்களா இருந்தா சண்ட போட்டுட்டுப் போயிறலாம்.

அக்கா நேரா கடைக்கே வந்துட்டா. "ஏண்டா கனகு, எரப்பைய அறுத்துப் போட்டாங்கன்னா ஆயுசுக்கும் அந்தப் புள்ள ஒரு தட்டுச் சோறு திங்க முடியாதாமா?"

"ஆமாங்க்கா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் திங்கோணும்."

"அட சாமி! அப்பிடின்னா அதுக்கு முன்னால ஆச தீரத் தின்னுட்டுப் போகட்டும்டா. தூக்குல போடறவனுக்கே கேட்டதக் குடுக்கறாங்க."

அன்னைக்கி மத்தியானமே அரிசிம்பருப்புச் சோறு, நாட்டுக்கோழிக் கொழம்பு. அடுத்த நாள் பருப்பும் வெல்லமும் வெச்ச ஒப்புட்டு. நெய்ய ஊத்தி ஊத்திச் சுட்டாந்திருக்கறா. வாசம் வீதி பூரா. இவ ரூம்புக்குள்ள போயித் தாப்பாளப் போட்டுக்கிட்டா. என்னையக் கூப்புட்டு, "நீங்க சொல்லுங்க. நான் சொன்னா மருமக துடுக்குன்னு போயிரும். நீங்க கூடப் பொறந்தவரு. ரெண்டு வாரத்துக்கு எதையும் கொண்டுக்கிட்டு வரவேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்"னா. சரின்னு போனேனுங்க. அக்கா வீட்டுச் சமையக்கட்டு வரைக்கும் போயிட்டேன். அக்கா கரண்டியோட திரும்பி, "என்னடா?"ன்னா. அந்த மூஞ்சியப் பாத்தா எப்பிடிங்க சொல்றது? வேர்வ ஊத்துது, எனக்காவ அடுப்புல நின்னிருக்கறா. "ஒண்ணுமில்லக்கா, நேத்துக் கொழம்புல உப்புக் கொஞ்சம் தூக்கல்"னேன். அடுத்த நாள் உப்பக் கொறச்சுக் கொண்டாந்துட்டா. எம்மேல அவளுக்கு அத்தன பிரியம்.

அதெல்லாங்கூட இவ தொடலீங்க. நாந்தான் தின்னு தீத்தேன். யாராச்சும் திங்கோணுமில்லீங்களா, அன்னத்த வீணடிக்க முடியுங்களா? அவ முன்னால உக்காந்து திங்க எனக்கே சங்கடமாத்தான் இருந்துது. ஆனா பாருங்க, தனியா உக்காந்து தின்னா அவ தப்பா நெனச்சுக்குவாளே.

ஞாயித்துக்கெழம வந்துதுங்க அந்தக் கூத்து. எங்க பக்கம் மாசமா இருக்கற பொண்ணுங்களுக்கு ஏழாம் மாசம் கட்டுச்சோறு விருந்துன்னு ஒண்ணு உண்டு. வளையல் போட்டு, சொந்தக்காரப் பொம்பளைங்க ஆளுக்கொரு சோறு ஆக்கிக் கட்டியாந்து, அவங்க கையாலயே ஊட்டி உடுவாங்க. உங்க பக்கமும் உண்டுங்களா? எங்க வீட்டுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கல. அக்காவுக்கு அது ஆறாத கொறை. அன்னைக்கிக் காலையில கதவத் தொறந்தா, அக்கா, சித்தி, பெரியப்பா மருமகளுங்க, எல்லாருமா ஏழு பேரு நிக்கறாங்க. புளிச்சோறு, தேங்காச்சோறு, எள்ளுச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறு, சக்கரப்பொங்கல். ஒரு தாம்பாளத்துல கண்ணாடி வளையல்.

இவ நைட்டியோட, கையில அந்த மாவுத்தண்ணி டம்ளரோட வந்தா. வளையலப் பாத்ததும் அப்பிடியே செவுத்தப் புடிச்சுக்கிட்டா.

"நங்கையா, இதென்னங்க?"

"நீ பேசாம உக்காரு அம்மிணி. இந்த வயித்துல கத்தி படறதுக்கு முன்னால ஒரு நல்ல காரியம் நடந்தறட்டும். நடந்தா அந்த ஆத்தா கண்ணு தொறப்பா. பன்னண்டு வருசமா இந்தக் கை உனக்கு ஊட்டறதுக்குக் காத்துக்கிட்டுக் கெடக்குது கண்ணு." சொல்லிக்கிட்டே அக்கா வளையல எடுத்தா. வளையல்கூட இவ கைக்குச் சேரோணும்னு தாராபுரம் பூராத் தேடி, பெரிய அளவாக் கேட்டு வாங்கியாந்திருக்கறா. எத்தன பேரு அப்பிடிச் செய்வாங்க, சொல்லுங்க?

போட்டு உட்டாங்க. நலுங்கு வெச்சாங்க. அக்கா மொத உருண்டைய உருட்டி எடுத்தா. இவ வாயத் தொறக்கல. நேரா என்னையப் பாத்தா. எல்லாரும் இருக்க, சத்தமாவே, "ஏனுங்க, டாக்டரு என்ன சொன்னாருன்னு நீங்க சொல்லுங்க. நங்கையாகிட்ட நீங்களே சொல்லுங்க"ன்னா. ஏழு பேரும் என்னையத் திரும்பிப் பாக்கறாங்க. அக்கா கையி அந்தரத்துல நிக்குது. கண்ணுல தண்ணி. நான் என்னுங்க பண்ண முடியும்? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? "ஒரு நாள்தான அம்மிணி, ஒரு வாய் வாங்கிக்க"ன்னேன்.

ஒரு வாய்ன்னுதானுங்க நான் சொன்னேன். நல்லாக் கவனிங்க. ஒரு வாய்.

அவ என்னையப் பாத்துக்கிட்டே வாயத் தொறந்தா. ஏழு பேரு, ஏழு சோறு. ஒருத்திக்குத் தொறந்துட்டு இன்னொருத்திக்கு மூட முடியுங்களா? கண்ணுல தண்ணி ஊத்துது, தொடைக்கக்கூட இல்ல, வாங்கி வாங்கித் தின்னா. எல்லாரும் சந்தோசத்துல அழுகறான்னு அவங்களும் அழுதாங்க. நான் மோட்டாரப் போட்டுட்டு வர்றேன்னு தோட்டத்துப் பக்கம் போயிட்டேன். பொம்பளைங்க காரியத்துல நமக்கென்ன வேலைங்க?

அதுக்கப்பறம் அவளே தின்னாளுங்க. மிஞ்சுனத எல்லாம் தின்னா. அக்கா கொண்டாந்ததத் தின்னா. அட்டாலியில இருந்து பழைய தட்ட எறக்கிக்கிட்டா. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா மனசு நோகுமே. ரெண்டு நாள் கழிச்சு என்னையக் கூப்புட்டு, "எனக்கு வெக்கமா இருக்குதுங்க, டயட்டு மேடத்துகிட்டச் சொல்ல வாய் வரல. நீங்க போன் பண்ணி நடந்ததச் சொல்லீருங்க. தேதியத் தள்ளி வெக்கட்டும். நான் மறுபடி மொதல்ல இருந்து பத்தியம் இருந்துக்கறேன்"னா. சரின்னு பண்ணேனுங்க. அந்த மேடம் எடுத்ததுமே, "இந்துமதி எப்படி இருக்காங்க சார்? உங்கள மாதிரி ஒரு ஹஸ்பெண்ட் கெடைக்கறது கஷ்டம், டயட் கரெக்டா போகுதா?"ன்னு கேட்டுப் போட்டாங்க. அத்தன நல்லவங்ககிட்ட எப்பிடிங்க இல்லைன்னு சொல்றது? "எல்லாம் தண்ணியாகாரந்தானுங்க மேடம், பெர்பெக்டாப் போகுதுங்க"ன்னேன். காட்டிக் குடுக்கற ஆளில்லீங்க நான். இவ வந்து, சொல்லீட்டீங்களான்னு கேட்டா. "சொல்லீட்டேன் அம்மிணி, ஒண்ணும் பரவால்ல, சொன்ன தேதிக்கே வரச் சொல்லீட்டாங்க"ன்னேன். அவ முகம் எப்பிடித் தெளிஞ்சுதுங்கறீங்க! ஆபரேசனுக்குப் போறவ நிம்மதியாப் போகோணுமில்லீங்களா?

பல்லடம் வந்திருச்சுங்களா? டீ குடிக்கறீங்களா? வேண்டாமுங்களா? சரி, நானும் வேண்டாம்.

போன மாசம் சொன்ன தேதிக்குப் போனமுங்க. உள்ள கூட்டீட்டுப் போனாங்க. நான் வெளிய உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துலயே பெரிய டாக்டரு பச்சத் துணியோட வெளிய வந்துட்டாரு. அதுக்குள்ள முடிஞ்சுருச்சான்னு நான் எந்திரிச்சுக் கும்பிட்டேன். "வீட்ல என்ன சாப்பிட்டாங்க?"ன்னாரு. பதிலுக்கு நிக்காம அவரே, "ஈரல் வீங்கிப் போய் மேல மூடிக் கெடக்குது. தூக்குனா ரத்தம் கசியுது. கீழ கைய வெச்சா உசுருக்கு ஆபத்து. அப்படியே மூடிட்டோம்"னாரு. "சரிங்க டாக்டர்"னேன். வேறென்னுங்க சொல்றது? அத்தன படிச்சவரு சொல்றாரு.

மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிச்சா. நாந்தான் பக்கத்துல இருந்தேன். உதடெல்லாம் காஞ்சு கெடக்குது. கையத் தூக்கி வயித்துல ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஒவ்வொண்ணையும் தடவிப் பாத்தா. "முடிஞ்சுதுங்களா?"ன்னா. அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்குதுங்க. அத்தன வேதனையிலயும் மூஞ்சியில ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பப் பாத்துட்டு எந்தப் புருசன் இல்லைன்னு சொல்லுவான்? "முடிஞ்சுது அம்மிணி"ன்னேன்.

அப்பிடியே என்ற கையப் புடிச்சு நெஞ்சுல வெச்சுக்கிட்டா. போன வாங்கி அவ கூட வேல பாக்கற பிரிசில்லா டீச்சருக்குப் பண்ணி, "முடிஞ்சிருச்சு டீச்சர், எல்லாம் முடிஞ்சிருச்சு"ன்னு அழுதா. எனக்கும் அழுக வந்துது. பொழுதுக்கும் அவ அத்தன சந்தோசமா இருந்தாளுங்க. சாயங்காலம் டாக்டரு சுத்தி வந்து பாத்துட்டு, "வருத்தப்படாதீங்க, அடுத்த தடவ நல்லா ரெடியாகி வாங்க, பண்ணிறலாம்"னு சொல்லிப் போட்டாரு. மறைக்கோணும்ங்கற பக்குவமே இல்லீங்க இந்த டாக்டருங்களுக்கு. வீட்ல தண்ணியாகாரம் எடுக்கலையான்னும் கேட்டாரு. "நாந்தான் போன்ல சொல்லச் சொன்னனே"ன்னா. எங்களுக்கு அப்பிடி ஒண்ணும் சொல்லலையேன்னாரு.

அவ அழுகலீங்க. கத்தல. டாக்டருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. "ஆபரேசன் பண்ணலைங்கறது இவருக்குத் தெரியுங்களா?"

"அப்பவே சொல்லிட்டமே"ன்னாரு டாக்டரு.

அவ்வளவுதானுங்க. அப்பறம் எங்கூடப் பேசல. ஆஸ்பத்திரியில இருந்தே நேரா பல்லடத்துக்குப் பிரிசில்லா டீச்சர் வீட்டுக்குப் போயிட்டா. இப்பத்தான தாண்டுனோம், அந்த ஊருக்குள்ளதான். நான் ரெண்டு தடவ போனேன். கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு வந்தேன். உள்ள வரட்டுங்களான்னு எப்பிடிங்க கேக்கறது, அவங்களா கூப்புடாம? இவ அங்க இருந்து மறுபடியும் அந்த ரெண்டு வாரத்த இருந்து முடிச்சுட்டா. அந்த டீச்சரும் கூடவே மோருந் தண்ணியுமாக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்களாமா. அவங்களுக்கு எதுக்குங்க அது? அவங்க ஒல்லியாத்தான இருக்கறாங்க. எனக்கு அதுதான் புரியவே இல்ல. ஈரல் நல்லாச் சுருங்கிருச்சாமா. ஸ்கேன்ல பாத்துட்டு டாக்டரு கையக் குடுத்தாராமா.

முந்தாநேத்து அவளே கூப்புட்டா. ஒரு மாசத்துக்கப்பறம் அவ குரல். "ஆபரேசனுக்கு வர்றதுன்னா வாங்க. தனியா வாங்க. நங்கையாவ வர வேண்டாம்னு நீங்களே உங்க வாயால சொல்லிட்டு வாங்க. அத ஒண்ணு மட்டும் செஞ்சுட்டு வந்தீங்கன்னா, மத்தது எதையும் நான் கேக்க மாட்டேன். நான் நம்ம வீட்டுக்கே வர்றேன். செய்யலைன்னா, முடிஞ்சதும் நான் டீச்சர் வீட்டுக்கே போயிர்றேன். இனி வரமாட்டேன்"னா. சரி அம்மிணின்னேன். உசுரு வந்த மாதிரி இருந்துதுங்க. அவ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியலீங்க. நெசமாச் சொல்றேன், அவ மூச்சு நின்னு நின்னு வருமே, அந்தச் சத்தங்கூட இல்லாம எனக்குத் தூக்கமே இல்ல.

சொல்லீட்டனான்னு கேக்கறீங்களா?

அங்க பாருங்க. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு. மாம்பழக் கலர் சீல, மடியில கூடை. அதுதானுங்க எங்கக்கா.

நான் கூப்புடலீங்க! காலையில துணி தேச்சுப் போட்டுக்கிட்டு வெளிய வந்தேன், எதுக்க வந்து எங்கடான்னா. கோயமுத்தூருன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். "எனக்குத் தெரியும்டா, இன்னைக்கித்தான ஆபரேசனு, இரு"ன்னு அவ வீட்டுக்குப் போயி எடுத்தாந்தா. ரெண்டு பிளாஸ்கு, ஒரு கேரியரு, கூடை. பிளாஸ்குல நெஞ்செலும்பு சூப்பு. "தண்ணியாகாரந்தானடா குடுக்கச் சொல்றாங்க, இது தண்ணிதான, ரெண்டு வாய் உள்ள போனா தெம்பா இருக்கும் புள்ளைக்கு"ன்னா. போன தடவ அந்தப் புள்ள கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சே, கால்ல உழுந்தாச்சும் கூட்டியாரோணும்னு அழுதுக்கிட்டே கெளம்பறா. அவகிட்டப் போயி, நீ வராதேன்னு எந்த வாயால சொல்றதுங்க? பஸ் ஸ்டாப்புல நிக்கறப்பச் சொல்லலாம்னு நெனச்சேன். பஸ்ஸு சீக்கிரமா வந்துருச்சு. அக்காளுக்கு முன்னால எடம் கெடச்சுது, எனக்கு இங்க. இல்லைன்னாப் பக்கத்துல உக்காந்து பக்குவமாச் சொல்லியிருப்பேன்.

சூலூரும் தாண்டிருச்சு. ஏனுங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். எறங்கறப்ப நீங்க ஒரு வார்த்த எங்கக்காகிட்டச் சொல்லிப் பாக்கறீங்களா? நீங்க வேத்தாளு. வேத்தாள் சொன்னாக் கோவம் வராது. ஆஸ்பத்திரியில ஒருத்தரத்தான் உள்ள உடறாங்களாமா, நீங்க இந்தப் பஸ்ஸுலயே திரும்பிப் போயிருங்கன்னு. அவ்வளவுதான். கேட்டாலும் கேட்டுக்குவா. இல்லீங்களா? முடியாதுங்களா? சரி சரி, தப்பில்ல. தெரியாத ஆளுகிட்ட நீங்க எப்பிடிச் சொல்லுவீங்க. நான் கேட்டதே தப்பு.

ஒரு நிமிசமுங்க, போனு. அவதான்.

அலோ... ஆமா அம்மிணி, கிட்ட வந்தாச்சு. சிங்காநல்லூர் வரப்போகுது. ஒடம்பு எப்பிடியிருக்குது? ...பயப்படாத, எல்லாம் நல்லபடியா முடியும். ...ம். ...ஆமா. ...ஆமாமா, சொல்லீட்டேன். காலையிலயே சொல்லீட்டேன். ...தனியாத்தான் வர்றேன் கண்ணு. நீ நிம்மதியா இரு.

வெச்சுட்டா. அழுகறாளுங்க. சந்தோசத்துல. "இது போதும் எனக்கு"ன்னா.

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? பின்ன என்னுங்க சொல்லச் சொல்றீங்க? உள்ள போற நேரத்துல அவ மனசு சங்கடப்படக் கூடாதில்லீங்களா?

அக்கா எந்திரிச்சுட்டா. கூப்புடறா பாருங்க. அந்தக் கேரியரு வெயிட்டு, நாந்தான் எறக்கோணும். வர்றனுங்க.